முஷி வளர்க்கப் போகும் மருமானுக்கு

பழவங்காடி,
திருவனந்தபுரம்.



நெய்யாற்றின்கரை வீட்டின் பின்புறத்தில் தொட்டி கட்டி முஷி மீன் குஞ்சுகளை விட நீ உத்தேசித்திருப்பதாகவும், அவற்றுக்கான தீனியை நம் ஊர்ச் சரக்குகளைக் கொண்டு நீயே தயாரிக்கப் போவதாகவும் அக்காள் டெலிபோனில் சொன்னாள். கேட்டுச் சந்தோஷப்பட்டேன். ஆனால், விடப்போவது நாட்டு முஷியா ஆப்பிரிக்க முஷியா என்று நீ இன்னும் நிச்சயிக்கவில்லை என்று அவள் முடித்தது முதல் எனக்குச் சரியான உறக்கமில்லை. தீர்மானம் உன்னுடையது, அதில் குறுக்கிட எனக்கு விருப்பமில்லை.

ஆயினும், ஆப்பிரிக்க முஷி விரைவில் பருக்கும், கோழிக்கடைக் கழிவைக் கொட்டினாலும் தின்னும் என்று உன்னிடம் ஆசை காட்டுகிறவர்கள், அந்த மீனை வளர்ப்பது 2000-ஆம் ஆண்டிலேயே நம் தேசத்தில் தடை செய்யப்பட்டது என்பதையும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் மறுபடியும் அதற்கு விரோதமாக உத்தரவிட்டது என்பதையும் சொல்லியிருக்க மாட்டார்கள். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பண்ணைகளிலிருந்து தப்பிய அந்நிய மீன்கள் கேரளத்து ஆறுகளில் புகுந்த கதையை நீயே அறிவாய். உன் தொட்டி நிரம்பி வழிந்தால் அந்த நீர் எங்கே போகும்? நெய்யாற்றுக்குத்தான். நாட்டு முஷியோ, 1840-இல் ஒரு பிரெஞ்சு சாஸ்திரி விவரித்து வைத்த, மேற்குத்தொடர்ச்சி மலையின் இந்தப் பக்கத்து நீர்நிலைகளுக்கே உரிய ஜீவன்; இப்போது குறைந்துகொண்டு வருகிறது. இரண்டையும் நிதானமாக யோசித்து உனக்குச் சரியென்று பட்டதைச் செய்.

குஞ்சு வளர்ப்பில் பொறுமை பிரதானம். வளர்ந்த முஷி ஆகாயத்துக் காற்றைச் சுவாசித்துப் பிழைக்கும் என்பதை நம்பிப் பொடிக் குஞ்சைக் கலங்கிய நீரில் விடாதே. அந்தச் சக்தி பொரிந்தவுடனே வருவதன்று, முதல் நாட்களில் அது செவுளையே நம்பியிருக்கிறது. ஆழம் குறைந்த சுத்த நீரும், ஆர்ட்டீமியா போன்ற உயிருள்ள நுண்ணிரையும் கொடுத்து, பிறகு மெல்ல மெல்லத் தயாரித்த தீனிக்குப் பழக்கு. பெரியது சிறியதை விழுங்கும். ஆகையால் அளவு பார்த்து அடிக்கடி பிரித்து விடு. துலா மழை இரவுகளில் அது தொட்டியை விட்டு ஊர்ந்தே வெளியேறும். வலை போட்டு மூடு. தீனியை மாலையில் இடு, மிஞ்சியதை எடுத்துவிடு.

இனித் தீனி. காய்ந்த நெத்தோலிப் பொடி, கடலைப் பிண்ணாக்கு, தவிடு, இவற்றைப் பிடித்து நிறுத்த வேகவைத்த மரச்சீனி மாவு. இவ்வளவும் நம் கைக்கெட்டிய பொருள்களே. நெத்தோலியை மட்டும் தாராளமாகச் சேர். குஞ்சுப் பருவத்தில் தீனியில் நூற்றுக்கு நாற்பது பங்குக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஆனால் பிண்ணாக்கு விஷயத்தில் மட்டும், மருமானே, என் வார்த்தையைத் தட்டாதே. சாலைக் கடைத்தெருவில் ஒரு வியாபாரி மழையில் நனைந்த பிண்ணாக்கு மூட்டைகளை மேலுக்கு உலர்த்தி உன் அப்பாவின் தலையில் கட்டிய வருஷத்தை நம் வீட்டில் யார் மறந்தோம்? அதை அவரிடம் வாங்கிய மாட்டுக்காரர்களுக்கெல்லாம் உன் அப்பா கைப்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவனோ ஒரு சல்லி தரவில்லை, ஒரு வார்த்தை வருத்தமும் சொல்லவில்லை. அத்தனை பேரும் பிண்ணாக்கில் இருந்தது வெறும் பூஞ்சை, வேகவைத்தால் போய்விடும் என்றார்கள். போகாது! 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டதற்குக் காரணம் பிரேஸிலிலிருந்து வந்த பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கே என்று பின்னர் கண்டுபிடித்தார்கள். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் விஷத்துக்கு அஃப்லடாக்ஸின் என்று பெயரிட்டார்கள். சாதாரணக் கொதியில் அது அழிவதில்லை. அது மீனையும் விடாது. அமெரிக்கப் பண்ணைகளில் டிரவுட் மீன்களுக்கு ஈரலில் புற்று உண்டாக்கியதும் தீனியில் இருந்த அதே விஷம்தான். இடவப்பாதிக்கும் துலா மழைக்கும் நடுவே ஈரம் காயாத நம் ஊரில், மூட்டையைக் கண்ணால் பாராமல், ஒரு துண்டை ஒடித்து முகர்ந்து பாராமல் எவரிடமும் வாங்காதே. நெருங்கிய சிநேகிதன் கொடுத்தாலும் வாங்காதே; உன் அப்பாவுக்கும் அவன் சிநேகிதன்தான்.

அதிகமாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. வைதேன் என்று நினைத்து மனம் வாடாதே, குழந்தாய். நம் குடும்பத்தில் உன்னைப்போல் புத்தியும் உழைப்பும் ஒருங்கே வாய்த்த பிள்ளை வேறில்லை என்று மாமியிடம் தினமும் சொல்கிறேன். முதல் தொட்டிக்கும் காற்றுப் பம்புக்கும் ஆகும் செலவு முழுவதும் என்னுடையது. திருப்பித் தரும் பேச்சே வேண்டாம். பிண்ணாக்கையும் நானே பார்த்து வாங்கி அனுப்புகிறேன். ஓணத்துக்கு அவசியம் வா, பத்து நாள் தங்கு. உனக்குப் பிடித்ததெல்லாம் மாமி செய்து தருவாள். குஞ்சுகள் வந்து சேரும் தேதியை மட்டும் முன்னதாக எழுது. அன்றைக்கு நம் பிள்ளையாருக்கு உன் பேரில் தேங்காய் உடைக்க வேண்டும்.

அன்புள்ள,
மாமன்.