ஆண்குறிப் புற்றுநோய்: அதன் பரவலும் காரணங்களும்

ஒரு நோய் எந்த நாட்டில் மிகுந்தும் எந்த நாட்டில் குறைந்தும் காணப்படுகிறது என்பதை ஆராய்ந்தால், அதன் காரணங்களையும் பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம். ஆண்குறியில் தோன்றும் புற்றுநோய் இதற்குத் தக்க சான்றாகும். இது அரிய நோயே. எனினும் பெருமளவுக்குத் தடுக்கக்கூடியது. நாணத்தினால் மக்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த மௌனமே பலரது உயிருக்கு உலையாகிறது. ஆகவே கள ஊழியரும் ஆசிரியரும் இதன் இயல்பை அறிந்திருத்தல் அவசியமாகும்.

நோயின் பரவல்

2020ஆம் ஆண்டிற்குரிய உலகக் கணிப்பின்படி, அவ்வாண்டில் சுமார் 36,000 ஆண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது; சுமார் 13,000 பேர் மாண்டனர். நோயாளிகளின் எண்ணிக்கையில் இந்தியாவே முதலிடம் பெற்றது. இங்கு மட்டும் 10,000 பேருக்கு மேல் நோயுற்றனர். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆண்டொன்றுக்கு லட்சம் ஆண்களில் ஏறக்குறைய ஒருவருக்கே இது வருகிறது. பிரேஸிலின் வடகிழக்கில் உள்ள மரன்யாவ் மாநிலத்திலோ லட்சத்துக்கு ஆறு பேர் வரை பதிவாகியுள்ளனர். இஸ்ரேலில் இது மிக மிக அரிது.

உகாண்டாவில் 1960களில் ஆண்களுக்கு மிகுதியாக வந்த புற்றுநோய்களுள் இதுவும் ஒன்றாக இருந்தது. ஆனால் அந்நாட்டிற்குள்ளேயே, முன்தோலை நீக்கும் வழக்கமுடைய மக்களிடையே இது குறைந்தும், அவ்வழக்கம் இல்லாதோரிடையே மிகுந்தும் காணப்பட்டது.

டென்மார்க் தரும் படிப்பினை

இதனால், முன்தோலை நீக்குவது ஒன்றே வழி என்று எண்ணிவிடலாகாது. டென்மார்க்கில் அவ்வழக்கம் மிகச் சிலரிடமே உண்டு. அவ்வாறிருந்தும், 1943–47இல் லட்சத்துக்கு 1.15ஆக இருந்த நோய் விகிதம் 1988–90இல் 0.82ஆகக் குறைந்தது. இதே காலத்தையொட்டி, குளியலறையுள்ள வீடுகள் 1940இல் 35 சதவிகிதமாக இருந்து 1990இல் 90 சதவிகிதமாகப் பெருகின. நீரும் தூய்மையும் கிட்டியதே நோய் குறைந்ததற்கு ஒரு காரணமாகலாம் என ஆராய்ச்சியாளர் கருதினர்.

நோய்க்கு ஏதுவானவை

முதலாவது, முன்தோல் இறுக்கம். வயது வந்த பின்னும் முன்தோலைப் பின்னுக்குத் தள்ள இயலாதபோது, உட்புறத்தைக் கழுவ முடிவதில்லை. அங்கு அழுக்குத் தேங்கி, தோல் நெடுநாள் அழற்சியுற்றிருக்கும். அந்த அழுக்கே நேரடியாகப் புற்றை உண்டாக்கும் என்ற பழைய கருத்து மெய்ப்பிக்கப்படவில்லை. நீடித்த அழற்சியே கேடு விளைவிக்கிறது.

இரண்டாவது, பாப்பிலோமா வைரஸ். ஏறத்தாழப் பாதி நோயாளிகளின் கட்டிகளில் இவ்வைரஸ் காணப்படுகிறது. அவற்றுள்ளும் 16ஆம் வகையே மிகுதி. பெண்களின் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் இதுவே காரணம். இது உடலுறவினால் பரவுவது. தூய்மை வசதிகள் நிறைந்த இங்கிலாந்திலேயே 1979க்கும் 2009க்கும் இடையில் இந்நோய் 21 சதவிகிதம் உயர்ந்தது. நீர் மட்டும் போதாது என்பதை இது உணர்த்துகிறது.

மூன்றாவது, புகையிலை. பீடி, சிகரெட் புகைப்போர்க்கும், புகையிலை மெல்லுவோர்க்கும் இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. இவையன்றி, தோலை வெளுத்துத் தடிக்கச் செய்யும் சிலவகை நாட்பட்ட தோல் நோய்களும், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடமே இது பெரும்பாலும் தோன்றுகிறது. எனினும் இளைஞர்க்கு வராது என்பதில்லை.

அறிகுறிகளும் தாமதமும்

தொடக்கத்தில் சிறு புண், பரு, தடிப்பு அல்லது நிறமாற்றம் தோன்றும். பெரும்பாலும் வலி இராது. இறுகிய முன்தோலுக்கடியில் கட்டி மறைந்திருக்க, நாற்றமுள்ள நீரோ இரத்தமோ மட்டும் கசிவதும் உண்டு. வலியில்லாததாலும் வெட்கத்தாலும் நோயாளி களிம்பு தடவிக்கொண்டு மாதக்கணக்கில் காலம் கடத்துகிறார். இதற்குள் நோய் தொடை இடுக்கிலுள்ள நெறிகளுக்குப் பரவிவிடுகிறது. நெறிகளுக்குப் பரவுமுன் வந்தவர்களில் பெரும்பாலோர் குணமடைகின்றனர். பலருக்கு உறுப்பையும் காக்க முடிகிறது. தாமதித்து வந்தவர்க்கோ உறுப்பை அகற்ற நேரிடுகிறது, உயிருக்கும் உறுதியில்லை.

செய்யத்தக்கவை

நாள்தோறும் குளிக்கும்போது முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி நீரால் கழுவும் பழக்கத்தை, வளர்ந்த மாணவர்க்கு ஆசிரியர் சுகாதாரப் பாடத்தின்போது கூச்சமின்றிக் கற்பிக்கலாம். சிறு குழந்தைகளுக்கு முன்தோல் இயற்கையிலேயே ஒட்டியிருக்கும். அதைப் பெற்றோர் பலவந்தமாகத் தள்ளலாகாது. பருவம் எய்திய பின்னும் இறுக்கம் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். புகையிலையை விடச் செய்வதும், பாப்பிலோமா வைரஸுக்குரிய தடுப்பூசியைப் பற்றி எடுத்துரைப்பதும் நற்பயன் தரும்.

மூன்று வாரங்களுக்குள் ஆறாத புண் எதுவாயினும் மருத்துவமனைக்கு அனுப்புதல் கள ஊழியரின் கடமையாகும். அப்போது நோயாளியின் ஒழுக்கத்தை விசாரிப்பதோ, பிறர் அறியப் பேசுவதோ கூடாது. புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. வைரஸும் பல ஆண்டுகளுக்கு முன் உட்புகுந்ததாக இருக்கலாம். பழிச்சொல்லுக்கு அஞ்சித்தான் நோயாளி மறைக்கிறார். அந்த அச்சத்தை நீக்கும் ஊழியரே அவரை உரிய காலத்தில் சிகிச்சைக்குக் கொண்டுவர வல்லவராவார்.