இனக்குழுவுக்குள் ஓர் இனக்குழு

கடலூர்த் துறைமுகம் சந்திப்பில் சிதம்பரத்துக்கு ரயிலேறும் ஒருவரிடம், "உங்கள் இருக்கை எது?" என்று கேட்கிறீர்கள். "24" என்கிறார். உடனே நீங்கள், "எந்தப் பெட்டியில்?" என்பீர்கள். எண் 24 ஒவ்வொரு பெட்டியிலும் உண்டல்லவா? வேகம் என்றதும் "எதைப் பொறுத்து?" என்று இயற்பியலில் கேட்கிறோமே, அதற்கு உறவுள்ள கேள்விதான் இது.

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் இனக்குழு என்பது ஒருவகைப் பொருள்களின் வரைபடம். 'பெட்டி' என்ற இனக்குழுவை எழுதி, அதன் உள்ளேயே 'இருக்கை' என்ற இனக்குழுவையும் எழுதலாம். வெளியிலிருந்து பார்த்தால் அதன் முழுப்பெயர் பெட்டி.இருக்கை. நாளை 'பேருந்து' என்ற இனக்குழுவுக்குள் வேறோர் 'இருக்கை'யை எழுதினாலும் பெயர்கள் மோதிக்கொள்ளா.

இங்கே மாணவர் பலர் தடுமாறுகின்றனர். வரைபடத்துக்குள் வரைபடம் வைத்தோமே தவிர, பொருளுக்குள் பொருளை வைக்கவில்லை. பெட்டி ஒன்றை உருவாக்கினால் இருக்கைகள் தாமாக முளைத்துவிடமாட்டா. அவற்றைத் தனியே உருவாக்க வேண்டும்.

1967-இல் நார்வே நாட்டின் டாலும் நைகார்டும் உருவாக்கிய சிமுலா-67 மொழியிலேயே இவ்வசதி இருந்தது. அதில் 'சிமுலேஷன்' என்ற இனக்குழுவின் உள்ளே 'பிராசஸ்' என்ற இனக்குழு அமைந்திருந்தது. ஜாவா மொழிக்கு இது 1997-இல், 1.1 பதிப்பில்தான் வந்தது.

ஜாவாவில் இருவகை உண்டு. 'ஸ்டேடிக்' என்று குறிக்காத உள் இனக்குழுவின் பொருளை, வெளிப்பொருள் ஒன்று இல்லாமல் உருவாக்கவே முடியாது. எஸ்-1 பெட்டியைக் கொண்டு இருக்கை 24-ஐ உருவாக்கினால், அந்த இருக்கை தன் பெட்டியின் எண்ணை நேரே படிக்கும். ஸ்டேடிக் என்று குறித்தாலோ இந்தத் தொடர்பு இல்லை. பெயர் மட்டுமே உள்ளே இருக்கிறது. கட்டண அட்டவணைக்கு இது போதும். அது எந்த ஒரு பெட்டிக்கும் உரியதன்று. சி++ மொழியில் இந்த இரண்டாம் வகை மட்டுமே உண்டு. வெளிப்பொருள் தேவையானால் அதன் முகவரியை நாமே கொடுத்துவைக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் ஒன்றுதானே என்று விட்டுவிடாதீர்கள். 'பயணச்சீட்டு' என்பதை முதல் வகையில் எழுதி, அது பெட்டியின் எண்ணை அவ்வப்போது பெட்டியிடமே கேட்பதாக வைத்துக்கொள்வோம். மாதக் கணக்குக்காகச் சீட்டுகளைச் சேர்த்து வைக்கிறீர்கள். ஒவ்வொரு சீட்டும் தன் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும். பெட்டி தன் இருக்கைகளை எல்லாம் பிடித்துக்கொண்டிருக்கும். பயணம் முடிந்தும் எதையும் ஜாவா நினைவகத்திலிருந்து அகற்றாது. துண்டுச் சீட்டுக்காக முழுப் பெட்டியையும் வீட்டுக்கு இழுத்துச் சென்ற கதைதான்! எண்ணை மட்டும் சீட்டில் படியெடுத்துக்கொண்டு, ஸ்டேடிக் என்று குறித்தால் தொல்லை தீர்ந்தது.

ஜாவாவுடன் வரும் லிங்க்டுலிஸ்ட் இனக்குழுவைப் பாருங்கள். அதிலுள்ள 'நோடு' ஸ்டேடிக். தன் மதிப்பும் இருபுற அண்டையரும் அதற்குப் போதும். பட்டியலில் முன்னும் பின்னும் நடந்து செல்லும் 'லிஸ்ட்இட்டர்' ஸ்டேடிக் அன்று. தான் நடப்பது எந்தப் பட்டியலில் என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும்.

இனி உங்களுக்கு ஒரு பயிற்சி. கடலூர்த் துறைமுகத்துக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை ஆகிய நிலையங்கள் உள்ளன. 'பாதை' என்ற இனக்குழுவுக்குள் 'நிலையம்' என்பதை எழுதுங்கள். நிலையத்தின் பெயர் மட்டும் போதுமென்றால் எந்த வகை? "இப்பாதையில் எனக்கு அடுத்த நிலையம் எது?" என்று அது விடை சொல்ல வேண்டுமென்றால் எந்த வகை?