கார் ஷெட்டில் ஓர் அச்சுக்கூடம்

கல்யாண வீட்டில் தேங்காய், வெற்றிலை போட்டுத் தரும் மஞ்சள் துணிப்பையைப் பார்த்திருப்பீர்கள். அதில் மணமக்களின் பெயரை அச்சிடப் பெரிய எந்திரம் தேவையில்லை. ஒரு மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய பாலியெஸ்டர் வலைத்துணி, மையை இழுக்க ரப்பர் பதித்த ஒரு கட்டை. இவை போதும். இதுவே ஸ்கிரீன் பிரிண்டிங் என்னும் திரை அச்சு. இம்முறை ஒன்றுக்கு மான்செஸ்டர் நகரின் சாமுவேல் சைமன் 1907இல் காப்புரிமை பெற்றார். அந்நாளில் வலைக்குப் பட்டுத்துணியைப் பயன்படுத்தினார்கள்.

கருவிகள் குறைவு என்பதால், காலியாகக் கிடக்கும் கார் ஷெட்டே அச்சுக்கூடமாகிவிடும். ஆனால் அது கார் நிற்பதற்காகக் கட்டிய இடம். மனிதர் பல மணி நேரம் மூச்சுவிட்டு உழைப்பதற்காகக் கட்டியதன்று. அதை மாற்றும்போது ஒரு சிக்கல் எழும். ஒரு வேலைக்குக் கதவை மூட வேண்டும். மற்றொரு வேலைக்குத் திறந்தாக வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

மூடுவது ஏன்?

வலையின் மேல் ஒளியுணர் பசையைப் பூசி, இருட்டில் உலர்த்துவார்கள். அதன்மேல் கறுப்புப் படம் வரைந்த ஒளிபுகும் தாளை வைத்து வெயிலில் காட்டுவார்கள். ஒளி பட்ட இடத்தில் பசை இறுகிவிடும். கறுப்புக் கோட்டின் கீழே இறுகாது. தண்ணீர் ஊற்றினால் கரைந்து போகும். அந்த வழியாகத்தான் மை இறங்குகிறது.

பசையை இறுக வைப்பவை புற ஊதாக் கதிர்களும் நீல ஒளியும். மஞ்சள் ஒளியில் இவை மிகக் குறைவு. ஆகவே பசை பூசும் இடத்தில் மஞ்சள் விளக்கே போடுவார்கள். ஷட்டர் இடுக்கில் நுழையும் ஒரு கீற்று வெயில்கூடத் திரையைப் பாழாக்கும்.

முன்பு இப்பசையில் டைகுரோமேட் உப்புகளைச் சேர்த்தார்கள். அவற்றிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. டைகுரோமேட் இல்லாத பசைகள் கிடைக்கும்போது பழைய முறை நமக்கு வேண்டாம்.

திறப்பது ஏன்?

எண்ணெய் மையில் கலக்கும் தின்னர்களில் பெரும்பாலும் தொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். தொலுயீனின் மூலக்கூறு எடை 92. காற்றின் சராசரி 29. அதாவது, அதன் ஆவி காற்றைப்போல் சுமார் 3 மடங்கு கனமானது. தின்னர் சிந்தினால் செறிந்த ஆவி முதலில் தரையோரமாகப் பரவும். பிறகு அறைக் காற்றில் கலக்கும். சுவாசித்தால் தலைவலி, மயக்கம் வரும். தொலைவில் எரியும் அடுப்புவரை தவழ்ந்து சென்று தீப்பற்றவும் கூடும்.

செய்து பாருங்கள்

கனமான வாயு கீழே வழிவதைத் தின்னர் இல்லாமலே காணலாம். பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். உயரமான பாத்திரத்தில் 2 கரண்டி சமையல் சோடாவும் கால் டம்ளர் வினிகரும் சேருங்கள். நுரை அடங்கியதும், எரியும் மெழுகுவர்த்தியின் மேல் பாத்திரத்தைச் சாயுங்கள். திரவம் சிந்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று வழிந்து சுடரை அணைக்கும்! அது கார்பன் டை ஆக்சைடு. மூலக்கூறு எடை 44.

அப்படியானால் எப்படி அமைப்பது?

1. ஒரு மூலையைக் கறுப்புத் துணியால் மறைத்துப் பசை பூசவும் உலர்த்தவும் ஒதுக்குங்கள். ஷெட் முழுவதையும் இருட்டாக்க வேண்டாம்.

2. அச்சிடும் மேசையை மறுபுறம் வையுங்கள். ஷட்டரைத் திறந்து வைத்து, எதிர்ச்சுவரில் வெளியேற்றும் விசிறி பொருத்துங்கள். காற்று முதலில் உங்களைக் கடந்து, பிறகு மையைக் கடந்து, வெளியே போக வேண்டும். தரையோரத்திலும் காற்றுவழி இருக்கட்டும்.

3. அடுப்பு, பெட்ரோல் வண்டி இரண்டும் அங்கே கூடாது.

4. மை தோய்ந்த கந்தலை மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். மீந்த மையைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

5. துணிப்பைக்கு நீர் கலந்த மை போதும். தின்னர் தேவைப்படாது. ஆயினும் கதவு திறந்தே இருக்கட்டும்.

சிந்திக்க: உங்கள் தெருவில் அச்சுக்கூடம் இருந்தால் போய்ப் பாருங்கள். விசிறி எந்தச் சுவரில் இருக்கிறது? அச்சிடுபவர் எங்கே நிற்கிறார்? காற்று அவரிடமிருந்து மைக்குப் போகிறதா, மையிலிருந்து அவருக்கு வருகிறதா? ஒரு படம் வரைந்து அம்புக்குறி இட்டுப் பாருங்கள். விடை உங்களுக்கே தெரிந்துவிடும். அவருக்கும் அதைச் சொல்லுங்கள்.