பாட்டு உழும் எந்திரம்

எர்ணாகுளம் நகரத்துக்குக் கிழக்கே காக்கநாடு இருக்கிறது. 2004ஆம் ஆண்டு அங்கே இன்போபார்க் வந்தது. இன்று அங்கே எங்கு பார்த்தாலும் கணினி வேலை. நகரத்துக்கு மேற்கே, காயலைத் தாண்டினால் மட்டாஞ்சேரி. அங்கே யூதத் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. வெண்கல விளக்கு, மரப்பெட்டி, பழைய பூட்டு எல்லாம் இருக்கும். பித்தளைக் குழல் வைத்த கிராமபோனையும் அங்கே பார்க்கலாம்.

கிராமபோன் பாடும். இது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தத் தட்டில் பாட்டை எழுதியது எது? அதற்கும் ஓர் எந்திரம் உண்டு. அதைக் கடையில் பார்க்க முடியாது. யாராவது பார்த்தாலும் என்னவென்று தெரியாமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். அந்த எந்திரத்தைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

ஒரே ஒரு சால்

ஒரு பெரிய இசைத்தட்டைக் கையில் எடுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான கோடுகள் தெரியும். உண்மையில் ஒரு பக்கத்தில் எத்தனை கோடுகள்?

ஒன்றே ஒன்றுதான்.

வயலில் ஓரத்திலிருந்து உழ ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவோம் அல்லவா? அதைப் போல ஒரே சால் தட்டின் ஓரத்தில் தொடங்கி நடுவில் முடிகிறது. இதன் நீளம் எவ்வளவு? கணக்குப் போடலாம். பெரிய தட்டு ஒரு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். ஒரு பக்கம் 20 நிமிடம் பாடினால் சுமார் 667 சுற்று. ஒரு சுற்று சராசரியாக 65 சென்டிமீட்டர். பெருக்கினால் 43,355 சென்டிமீட்டர் வரும். அதாவது சுமார் 433 மீட்டர். கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர்!

இந்தச் சால் நேராக இருக்காது. ஒலிக்குத் தக்கபடி நெளிந்து நெளிந்து போகும். அந்த நெளிவுதான் பாட்டு. பாடும்போது ஊசி அந்த நெளிவில் ஓடி ஆடுகிறது. அந்த ஆட்டம் மறுபடி ஒலியாகிறது.

மெழுகில் எழுதிய காலம்

1877இல் அமெரிக்காவில் எடிசன் ஒலியைப் பதிந்து காட்டினார். அவர் பயன்படுத்தியது உருளை. தட்டையான தட்டைக் கொண்டுவந்தவர் எமில் பெர்லினர். 1902இல் பிரெட் கெய்ஸ்பர்க் என்ற பதிவாளர் கல்கத்தா வந்தார். கெளஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகியின் பாட்டை மெழுகுத் தட்டில் பதிந்தார். அப்போது மைக் கிடையாது. பெரிய குழலின் வாய்க்கு நேரே நின்று பாட வேண்டும். பாட்டு முடிந்ததும் அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். ஏன் தெரியுமா? மெழுகுத் தட்டு கப்பலில் ஜெர்மனிக்குப் போகும். அங்கேதான் அதை அச்சடித்தார்கள். பாடியது யார் என்று அங்குள்ள தொழிலாளிக்குத் தெரிய வேண்டுமே!

பிறகு 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை வந்தது. 1928இல் டம்டம்மில் பெரிய ஆலை வந்தது. சென்னையில் ஏ.வி. மெய்யப்பன் இசைத்தட்டு வியாபாரத்தில்தான் பெயர் எடுத்தார். சினிமா அதற்குப் பின்புதான்.

அந்தக் காலத் தட்டுக்கு முக்கியச் சரக்கு அரக்கு. மரக்கிளையில் வாழும் அரக்குப் பூச்சி தருவது. அது நம் நாட்டிலிருந்துதான் உலகுக்குப் போனது. கீழே விழுந்தால் உடைந்துவிடும். 1948இல் அமெரிக்காவில் வினைல் என்ற பிளாஸ்டிக்கில் நீண்ட நேரம் பாடும் தட்டு வந்தது. இது எளிதில் உடையாது. சாலும் மிக மெல்லியது.

எந்திரத்தின் உறுப்புகள்

வெட்டும் எந்திரத்தை ஆங்கிலத்தில் லேத் என்றே சொல்கிறார்கள். நம் ஊர் லேத் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். கனமான இரும்புத் தட்டு சுற்றுகிறது. மேலே மரை போட்ட நீளத் தண்டு ஒன்று இருக்கிறது. பட்டறையில் இதை லீட் ஸ்க்ரூ என்பார்கள். அது சுழலும்போது, வெட்டும் தலை மெல்ல மெல்ல நடுவை நோக்கி நகரும். தலையில் சிறிய காந்தமும் கம்பிச் சுருளும் உண்டு. நுனியில் நீலக்கல் அல்லது மாணிக்கக்கல்லில் செய்த உளி. பாட்டு மின்சாரமாக வரும்போது உளி ஆடும்.

உளி வெட்டுவது வினைல் தட்டை அல்ல. அலுமினியத் தகட்டின் மேல் லாக்கர் என்ற மென்மையான பூச்சு இருக்கும். அதைத்தான் வெட்டுகிறது. பிறகு அதன் மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் முலாம் ஏற்றி, அச்சு எடுப்பார்கள். அந்த அச்சைக் கொண்டு சூடான வினைலை அழுத்தினால் தட்டு தயார். ஒரு அச்சில் ஏறக்குறைய ஆயிரம் தட்டு அடிக்கலாம்.

வெட்டுவதில் திருத்தம் கிடையாது. பதினைந்தாவது நிமிடத்தில் ஒரு பிசகு நேர்ந்தால் தட்டு முழுவதும் வீண். புதுத் தட்டு போட்டு, முதலிலிருந்து வெட்ட வேண்டும்.

பழைய எந்திரம், புதிய வேலை

ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் சிறந்த வெட்டும் எந்திரங்களைச் செய்தது. 1980களோடு நிறுத்திவிட்டது. கேசட்டும் சி.டி.யும் வந்தபின் வாங்க ஆள் இல்லை. இப்போது உலகம் முழுவதும் இசைத்தட்டுக்கு மறுபடி கிராக்கி. நம் நாட்டிலும் 2024இல் மும்பைப் பகுதியில் புதிய அச்சாலை வேலையைத் தொடங்கியது. ஆனால் வெட்டும் எந்திரம் வேண்டுமே! அதனால் பழையதைத் தேடி எடுத்துச் சரிசெய்கிறார்கள்.

டேப் வருவதற்கு முன் ரேடியோ நிலையங்களில் சின்ன வெட்டும் எந்திரங்கள் இருந்தன. அமெரிக்காவில் பிரெஸ்டோ என்ற கம்பெனி செய்தவை பேர்போனவை. 1933இல் ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் சுமார் 140 கிலோ எடையுள்ள வெட்டும் எந்திரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். சிறைக்கும் போய்க் கைதிகளின் பாட்டைப் பதிந்தார்கள். ஏழைகளின் பாட்டு அப்படித்தான் பிழைத்தது.

இப்படிப்பட்ட பழைய எந்திரம் ஒன்று நம் ஊருக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் மோட்டார். இதில்தான் பலர் ஏமாறுவார்கள். அமெரிக்க மின்சாரம் சுமார் 120 வோல்ட். நம்முடையது 230 வோல்ட். டிரான்ஸ்பார்மர் வைத்தால் போதும் என்று நினைப்போம். போதாது. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அமெரிக்காவில் 60 முறை. பழைய மோட்டார் இந்த அலையைப் பார்த்துத்தான் சுற்றும். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும். அலையை மாற்றாது. எனவே 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு இங்கே 27.8 சுற்றுதான் சுற்றும். அப்படி வெட்டிய தட்டைச் சரியான வேகத்தில் போட்டால் பாட்டு வேகமாக ஓடும். ஆண் குரலின் சுருதி உயர்ந்துவிடும். கப்பியின் அளவை மாற்ற வேண்டும். அல்லது அலையை மாற்றித் தரும் மின்கருவி வைக்க வேண்டும்.

அடுத்தது அதிர்வு. பழைய எந்திரங்கள் பலவற்றில் மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே ரப்பர் சக்கரம் இருக்கும். வயதானால் ரப்பர் இறுகிவிடும். கடகடவென்று அதிரும். அந்த அதிர்வையும் உளி எழுதிவிடும்! அதனால் மோட்டாரைத் தனியே தள்ளிவைத்துப் பெல்ட் போடுகிறார்கள்.

பிறகு தலை. பழைய தலை ஒற்றை ஒலிக்கானது. 1958இல் ஸ்டீரியோ தட்டு விற்பனைக்கு வந்தது. அதில் சாலின் ஒரு கரையில் இடப்பக்க ஒலியும் மறு கரையில் வலப்பக்க ஒலியும் இருக்கும். இதற்கு இரண்டு கம்பிச் சுருள் உள்ள புதுத் தலை வேண்டும். செலவில் பெரும்பகுதி இதற்கே.

சாலுக்கும் சாலுக்கும் நடுவே உள்ள வரப்பும் முக்கியம். தவில் அடி போல உரத்த ஒலி வந்தால் சால் அகலமாக நெளியும். பக்கத்துச் சாலை உடைத்துவிடும். எப்போதும் அகல வரப்பு விட்டால் தட்டில் பாட்டு கொஞ்சம்தான் கொள்ளும். எனவே நீளத் தண்டைச் சுழற்றத் தனி மோட்டார் வைத்து, கணினியோடு இணைக்கிறார்கள். கணினி ஒலியை முன்கூட்டியே கேட்டுவிடும். உளிக்கு ஒரு சுற்று நேரம், அதாவது 1.8 நொடி, தாமதித்து அனுப்பும். உரத்த ஒலி வரப்போகிறது என்றால் வரப்பை அகலப்படுத்தும். மெல்லிய ஒலி என்றால் நெருக்கும். மட்டாஞ்சேரியில் விற்கும் பழம்பொருளும் காக்கநாட்டுக் கணினியும் ஒரே மேசையில் வேலை செய்வதுபோல!

தீயில் கவனம்

உளியில் மெல்லிய கம்பி சுற்றிச் சூடேற்றுவார்கள். சூடான உளி வழவழப்பாக வெட்டும். இரைச்சல் குறையும். வெட்டும்போது தலைமுடி போன்ற சீவல் கழன்று வரும். அது உளியில் சிக்கினால் தட்டு கெட்டுவிடும். அதனால் உறிஞ்சு குழாய் வைத்து இழுக்கிறார்கள்.

இந்தச் சீவல் சாதாரணக் குப்பை அல்ல. லாக்கரில் நைட்ரோசெல்லுலோஸ் இருக்கிறது. சட்டென்று பற்றிக்கொள்ளும். சேர்த்து வைக்கக் கூடாது. பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. சீவலை நீரில் போட்டு வைப்பது நல்லது.

2020 பிப்ரவரி 6 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லாக்கர் தட்டு செய்யும் அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்து போனது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அப்போது உலகில் இப்படிப்பட்ட ஆலை இரண்டுதான். மற்றது ஜப்பானில். ஒரு தீயால் உலகம் முழுவதும் இசைத்தட்டுத் தொழில் திகைத்து நின்றது.

வாங்கும் முன்

சுற்றுலா ஊர்களில் பளபளக்கும் கிராமபோன் விற்பார்கள். பழைய உதிரிகளைப் புதுப் பெட்டியில் பூட்டிப் புதுப் பித்தளைக் குழல் வைத்தவையும் அவற்றில் உண்டு. அழகுக்கு வைக்கலாம். பழமைக்கான விலை கொடுக்க வேண்டியதில்லை. அதில் வினைல் தட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். கிராமபோன் ஊசி 100 கிராமுக்கும் மேல் எடையோடு அழுத்தும். வினைல் தட்டு தாங்குவது 2 அல்லது 3 கிராம். ஒரே தடவையில் சால் பாழாகும்.

கணக்கு

சிறிய தட்டு நிமிடத்துக்கு 45 சுற்று சுற்ற வேண்டும். அமெரிக்க மோட்டார் அங்கே அந்த வேகத்தில் சரியாகச் சுற்றுகிறது. அதை அப்படியே நம் மின்சாரத்தில் போட்டால் எத்தனை சுற்று சுற்றும்? 45ஐ 50ஆல் பெருக்கி 60ஆல் வகுத்துப் பாருங்கள்.