சொல்லும் மல்லும்

சென்னையினின்றும் கல்கத்தாப் பெருஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், திருவள்ளூர் மாவட்டத்தின் எல்லையை நெருங்குகையில் கும்மிடிப்பூண்டியை அடைவர். ஏரியும் வயலும் சூழ்ந்த அவ்வூரின் பக்கத்தே இன்று தொழிற்பேட்டை பரந்து கிடக்கிறது. அதற்கு அப்பால், ஆந்திர எல்லையைக் கடந்தவுடன், ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் உளது. ஆங்கு ஜப்பானிய நிறுவனமாகிய இசுசுவின் வண்டித் தொழிற்சாலை 2016ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அதற்கு முன்னரே, 1998ஆம் ஆண்டு முதற்கொண்டு, திருவள்ளூரை அடுத்த ஆலையொன்றில் மிட்சுபிஷி நிறுவனத்தின் லான்சர் கார்கள் செய்யப்பெற்றன. அப்பணி பின்னர் நின்றுபோயிற்று.

பொறிகள் வந்தபொழுது சொற்களும் உடன் வந்தன. செய்ரி, செய்தொன், செய்சோ, செய்கெத்சு, ஷித்சுகெ என்னும் ஐந்து சொற்களை ஆலைச் சுவர்களிற் காணலாம். வேண்டாதவற்றை விலக்கல், வேண்டியவற்றை உரிய இடத்தில் வைத்தல், தூய்மை செய்தல், அத்தூய்மையை நிலைபெறச் செய்தல், அதனை ஒழுக்கமாகவே கொள்ளல் என்பன அவற்றின் பொருள். இவற்றை நாள்தோறும் உச்சரிக்கும் தொழிலாளருட் பலர், தாம் பேசுவது ஒரு நாட்டின் மொழி என்பதையும் எண்ணிப் பார்த்திலர். எண்ணிப் பார்த்த சிலரோ அம்மொழியைக் கற்கத் தொடங்கினர். ஜப்பானுக்குச் சென்று பணிபுரிவதற்கான உடன்படிக்கைகள் இரு நாடுகளுக்கிடையே 2017, 2021ஆம் ஆண்டுகளில் ஏற்பட்டமையால், கற்பதற்குப் பயனும் மிகுந்தது. ஜப்பானிய மொழித் தேர்வு சென்னையிலேயே நடைபெறுகிறது. அதன் ஐந்து நிலைகளுள் ஐந்தாம் நிலையே தொடக்க நிலை.

அத்தொடக்க நூலைத் திறந்து பார்க்கும் தமிழ் மாணவர்க்கு வியப்பு ஒன்று காத்திருக்கிறது. உயிரெழுத்துக்கள் அ, இ, உ, எ, ஒ என ஐந்து. வடமொழியில் இல்லாத எகர ஒகரக் குறில்கள் அங்கு உள்ளன. குறிலை நெடிலாக்கினால் பொருள் மாறும். ‘ஒஜிசன்’ என்றால் மாமன். ‘ஒஜீசன்’ என்றால் பாட்டனார். மாமனை விளிக்கப் புகுந்து ஒரு மாத்திரை நீட்டிவிட்டால் அவர் கிழவராகிவிடுவார்! இனி, நம் சுட்டெழுத்துக்களை நினைவு கூருங்கள். அண்மைக்கு இகரம், சேய்மைக்கு அகரம், இடைநின்றதற்கு உகரம், வினாவிற்கு எகரம். இது, அது, உது, எது என நான்கும் அமையும். ஜப்பானியர் கொரெ, அரெ, சொரெ, தொரெ என்பர். ‘சொரெ’ என்பது கேட்போர்க்கு அருகில் உள்ளதைச் சுட்டும். உகரச் சுட்டினை நாம் பேச்சில் இழந்துவிட்டோம். யாழ்ப்பாணத் தமிழர் இன்றும் வழங்குகின்றனர்.

சொற்றொடரும் நமக்குப் பழகிய நெறியிலேயே செல்லும். ‘ஹொன் ஒ யொமு’ என்பதில் ‘ஹொன்’ நூல்; ‘ஒ’ நம் ஐயுருபு போன்றது; ‘யொமு’ படித்தல். உருபு பெயரின் பின்னே வரும். வினை இறுதியில் நிற்கும். ஆயினும் அவ்வினை திணை, பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டுவதில்லை. உயிருள்ளது உளதெனக் கூற ‘இரு’ என்றும், உயிரற்றது உளதெனக் கூற ‘அரு’ என்றும் வேறு வேறு வினைகள் வரும். நாய் நமக்கு அஃறிணை. அங்கோ மனிதனுக்குரிய வினையையே பெறும்.

இத்தகைய ஒற்றுமைகளைக் கண்ட சுசுமு ஓனோ (1919–2008) என்னும் ஜப்பானியப் பேராசிரியர், தம் மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டு என நெடுங்காலம் ஆராய்ந்து எழுதினார். யாழ்ப்பாணத்து அறிஞர் சண்முகதாசும் மனோன்மணி அம்மையாரும் அவர்க்குத் துணை நின்றனர். மொழிநூலார் பெரும்பாலோர் அக்கொள்கையை ஏற்றிலர். தமிழாசிரியனாகிய எனக்கு அது மெய்யாயின் மகிழ்ச்சியே. ஆயினும் மகிழ்ச்சி சான்றாகாது.

நம் பழக்கம் இடர்ப்படுத்தும் இடமும் உண்டு. ‘காகம்’ என்னும் சொல்லில் முதற் ககரத்தை வல்லென்றும் இடைக் ககரத்தை மெல்லென்றும் ஒலிக்கிறோம், எழுத்து ஒன்றே. ஜப்பானியத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு எழுத்துக்கள். இடைக் ககரத்தை வலித்துச் சொன்னால் ‘ககி’ ஒரு பழத்தின் பெயர். மெலித்துச் சொன்னால் திறவுகோல். தமிழர் வாயிற் பழம் திறவுகோலாகிவிடும்.

இதனினும் பெரிய இடர், சொல்லை அறிந்து வழக்கை அறியாமை. ‘ஹை’ என்பதற்கு ‘ஆம்’ என அகராதி பொருள் கூறும். மேலாளர் ‘ஹை’ எனத் தலையசைப்பின், ‘நீ கூறுவது என் செவியில் விழுந்தது’ என்பதே பலகாலும் கருத்து. ‘இசைந்தார்’ எனக் கொண்டு பொறியை இயக்குவோன் துன்புறுவான். ‘அபுநய்’ என எவரேனும் கூவினால் அச்சொல்லின் வேற்றுமையுருபை ஆராய்ந்துகொண்டிருத்தல் ஆகாது. ‘இடர் உளது’ என்பது அதன் பொருள். கையை உடனே விலக்க வேண்டும்.

ஆகவே மொழியோடு வழக்கையும் சேர்த்தே கற்பித்தல் நன்று. அதற்குச் சுமோ என்னும் மற்போர் சிறந்த கருவியாகும். சுமோ என்றதும் சிலர்க்கு டாடா வண்டி நினைவிற்கு வரும். அப்பெயர் சுமந்த் மூல்காவ்கர் என்னும் தொழிலறிஞர் பெயரின் முதலெழுத்துக்களால் ஆயது. மற்போருக்கும் அதற்கும் தொடர்பில்லை. மற்போர் நமக்குப் புதிதன்று. ஆமூர் மல்லனை வென்ற சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் புறநானூற்றிற் பாடியுள்ளார். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்பதே சிறப்புப் பெயர்.

சுமோக் களம் மண்ணால் ஆயது. அதன்மேல் வைக்கோற் பிரிகளால் அமைத்த வட்டத்தின் குறுக்களவு 4.55 மீட்டர். மல்லர் உப்பை அள்ளி வீசிக் களத்தைத் தூய்மை செய்வர். நம் மகளிர் உப்புச் சுற்றிக் கண்ணேறு கழிப்பதை அது நினைவூட்டும். வட்டத்தின் வெளியே அடி வைத்தவன் தோற்றான். உள்ளங்கால் தவிர வேறு உறுப்பு மண்ணிற் பட்டாலும் தோற்றான். எடை வேறுபாடு பார்த்து இணை சேர்ப்பதில்லை.

இனி இக்களத்திற் பாடம் பயிலலாம். மல்லரைக் கிழக்கணி, மேற்கணி எனப் பிரிப்பர். ஹிகஷி, நிஷி என்னும் திசைப்பெயர்கள் மனத்திற் பதியும். ஆண்டிற்கு ஆறு போட்டிகள், ஒவ்வொன்றும் 15 நாள். எண்ணுப்பெயர் அனைத்தும் பழகிவிடும். மல்லர் பெயர்களில் ‘யம’ என வருவது மலை, ‘கவ’ ஆறு, ‘உமி’ கடல். போர் நிகழ்கையில் நடுவர் ‘நொகொத்த, நொகொத்த’ என இடையறாது கூவுவார். ‘நொகொரு’ என்னும் வினைக்கு எஞ்சுதல் பொருள். ‘நொகொத்த’ அதன் இறந்தகாலம். ‘இன்னும் வட்டத்துள் எஞ்சி நிற்கிறாய்’ என்பது கருத்து. பத்து முறை கேட்ட மாணவன் அவ்விறந்தகால வடிவை மறவான்.

பின்னர் வணக்கம். போரின் முன்னும் பின்னும் இருவரும் தலை தாழ்த்துவர். வென்றவன் கைகளை உயர்த்தி ஆரவாரித்தல் இழிவாகக் கருதப்படும்.

மரபு அனைத்தும் போற்றத்தக்கது என நான் கூறேன். களத்திற் பெண்டிர் ஏறலாகாது என்பதும் அம்மரபே. 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் மைசுரு நகரில், களத்தின்மேல் உரையாற்றிய மேயர் மயங்கி விழுந்தார். உயிர் காக்க ஓடிவந்த பெண்டிரைக் களத்தினின்று இறங்குமாறு நடுவர் அறிவித்தார். சுமோச் சங்கத்தின் தலைவர் பின்னர் வருத்தம் தெரிவித்தார். விதியோ இன்றும் மாறவில்லை. இதனையும் மாணவர்க்குக் கூறியே கற்பிக்க வேண்டும்.

வேற்று நாட்டிளைஞரும் இத்துறையில் உயர்ந்துள்ளனர். ஹவாய்த் தீவிற் பிறந்த அகெபோனோ, 1993ஆம் ஆண்டில், அயல்நாட்டிற் பிறந்தோருள் முதல்வராக ‘யொகொசுன’ என்னும் தலைமைப் பட்டம் பெற்றார். இவர்கள் பயிற்சி மனையிலேயே உடனுறைந்து, விடியலிற் களம் பெருக்கி, மூத்தோர்க்குச் சோறு சமைத்து, அவர்தம் ஏவலைக் கேட்டுக் கேட்டே மொழியைக் கற்கின்றனர். புதிதாய்ச் சேர்வோர்க்குத் தோக்கியோ நகரத்து மற்போர் அரங்கிலேயே ஒரு பள்ளியும் உண்டு. ஆறு திங்கள் நடைபெறும் அப்பள்ளியில் காலை உயர்த்தி மண்ணில் ஊன்றும் முறையும், மற்போரின் வரலாறும் ஒருங்கே கற்பிக்கப்பெறுகின்றன.