தளர்ந்த கியர்க் கோல்

தலை வலிக்கின்றது என்றால் நோய் தலையிலேதான் உள்ளது என்று கூறுவதற்கில்லை. கண்ணின் குறையாலும் தலை வலிக்கலாம். உறக்கக் குறைவாலும் வலிக்கலாம். நல்ல மருத்துவர் வலிக்கும் இடத்தைக் கேட்டறிவதோடு நில்லாது, வலி பிறந்த காரணத்தையும் தேடுவார். இயந்திரங்களைப் பழுது பார்ப்போரும் இந்நெறியையே பின்பற்றுதல் வேண்டும். மோட்டார் வண்டியின் கியர்க் கோல் தளர்ந்து ஆடுவது இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

நிற்கும் வண்டியை நகர்த்த மிகுந்த விசை வேண்டும். ஓடும் வண்டிக்கு வேகமே மிகுதியாக வேண்டும். எஞ்சினின் சுழற்சியை இவ்விரு தேவைக்கும் ஏற்ப மாற்றித் தருவன கியர்ப் பெட்டியிலுள்ள பல்சக்கரங்கள். முதல் கியரில் எஞ்சின் ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு முறை சுழன்றால், பெட்டியின் வெளித்தண்டு ஒரு முறை சுழலும். சுற்று குறையும், திருகு விசை பெருகும். 1890-களில் பிரான்சு நாட்டு எமில் லெவாசர், பல்சக்கரங்களை நகர்த்தி இணைக்கும் முறையை மோட்டார் வண்டியில் கையாண்டார். அக்காலத்தில் சக்கரங்கள் கூடும்போது பற்கள் உரசி ஒலி எழுப்பும். இணையவேண்டிய உறுப்புகளின் வேகத்தை முதலில் ஒன்றாக்கும் அமைப்பு, 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கேடிலாக் வண்டியில் வந்தது. அதன்பின் அத்தொல்லை குறைந்தது.

ஓட்டுபவர் பிடிக்கும் கோல் எல்லா வண்டிகளிலும் இப்பெட்டியின்மேல் நேரே அமைவதில்லை. முன்சக்கரங்களை இயக்கும் வண்டிகளில் பெரும்பாலும் பெட்டி எஞ்சினோடு முன்புறத்தில் இருக்கும். கோலோ இருக்கைகளின் நடுவே இருக்கும். இடையில் நீண்ட கம்பிகளோ கேபிள்களோ கையின் அசைவைக் கொண்டு செல்லும். பழைய அம்பாசிடர் வண்டிகளில் ஸ்டியரிங் சக்கரத்தின் அடியிலிருந்த கோலிலிருந்து கம்பிகள் கீழிறங்கிப் பெட்டியை அடைந்தன. இத்தகைய இணைப்புகளின் மூட்டுகளில் ரப்பராலோ நைலானாலோ ஆகிய சிறு வளையங்கள் உண்டு. பணிமனைகளில் இவற்றைப் புஷ் என்பர். வெப்பத்தாலும் புழுதியாலும் ஓயாத உராய்வாலும் இவை நாளடைவில் தேய்ந்துவிடும்.

தேய்வு சிறிதாயினும் அதன் விளைவு பெரிதாகத் தோன்றும். கோலின் ஆதார மூட்டுக்குக் கீழே 5 செண்டிமீட்டரும் மேலே 30 செண்டிமீட்டரும் நீளம் உள்ளதெனக் கொள்வோம். கீழ்முனையில் 2 மில்லிமீட்டர் இடைவெளி ஏற்பட்டால், கைப்பிடியில் அது 12 மில்லிமீட்டர் ஆட்டமாகும். அப்போது முதல் கியரை நாடிய கை மூன்றாம் கியரில் சென்று விழலாம். பற்கள் முழுமையாகப் பொருந்தாமலும் போகலாம். ஏற்றத்தில் நின்று புறப்படும் வண்டிக்கு இந்நிலை நேர்ந்தால், விசை சக்கரத்தை அடையாது. வண்டி பின்னோக்கி உருளும். பின்னே வருவோர் உயிருக்கும் அது தீங்காக முடியும்.

இதனை உணராதார் சிலர், ஆடுவது கோல்தானே என்று புதிய கோலை வாங்கிப் பொருத்துவர். பணம் செலவாகும், ஆட்டம் நீங்காது. வேறு சிலர் மூட்டைக் கம்பியால் இறுகச் சுற்றிவிடுவர். அது சில நாள் தாங்கலாம். பின்னர் நடுவழியில் அறுந்து கைவிடும்.

முறையாகப் பழுது பார்ப்பவர் முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஆறவிடுவார். கோலை அசைத்துப் பார்க்க வேண்டியிருத்தலின், கியரை நம்பி வண்டியை நிறுத்தலாகாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, தரையிலுள்ள சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டைகளை வைப்பார். அடியில் புக நேரின், ஜாக்கியால் தூக்கிய வண்டியை உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் இருத்துவார். ஜாக்கி தூக்குவதற்கு உரியதேயன்றித் தாங்குவதற்கு உரியதன்று. அதனை மட்டும் நம்பி அடியில் புகுதல் உயிரோடு விளையாடுவதாகும்.

அடுத்தது ஆராய்ச்சி. கைப்பிடியின் மரை தளர்ந்துள்ளதா என்பதை முதலில் காணவேண்டும். பின் கோலின் அடியிலுள்ள உறையை விலக்க வேண்டும். ஒருவர் கோலை மெல்ல அசைக்க, மற்றொருவர் மூட்டுகளை ஒவ்வொன்றாக உற்று நோக்குதல் வேண்டும். எந்த மூட்டில் ஓர் உறுப்பு அசைந்தும் அடுத்த உறுப்பு உடன் அசையவில்லையோ, அங்கேதான் குறை உள்ளது.

மரையாணி தளர்ந்திருப்பின் அதனை முடுக்கினாலே போதும். புஷ் தேய்ந்திருப்பின், கிளிப்பைக் கழற்றிப் பழைய புஷ்ஷை நீக்கி, ஊசியாணியைத் துடைத்துச் சிறிது கிரீஸ் தடவி, அவ்வண்டிக்கு உரிய புதியதைப் பொருத்த வேண்டும். நைலான் புஷ் நுழைய மறுத்தால், சிறிது நேரம் வெந்நீரில் இட்டு எடுத்தால் இளகிக் கொடுக்கும். ஊசியாணியே தேய்ந்திருந்தால் அதனையும் மாற்றுதல் வேண்டும். இல்லையேல் புதிய புஷ்ஷும் விரைவில் அழியும்.

வேலை முடிந்தபின், எஞ்சினை இயக்காமல் கிளட்சை மிதித்து எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்ப்பர். பிறகு ஆளரவமற்ற வெளியில் மெதுவாக ஓட்டிச் சோதிப்பர். ஓடும்போது கியர் தானே கழன்றாலோ, பெட்டிக்குள் அரைபடும் ஒலி கேட்டாலோ, குறை உள்ளே இருக்கக்கூடும். அதனை வீட்டில் பிரிக்க முயலாது தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

விரல்நுனியில் அடங்கும் ஒரு வளையம் தேய்ந்தமையால் வண்டி முழுவதும் ஓட்டுபவரின் கைக்கு அடங்காது போயிற்று. அதனைக் கண்டுபிடிக்கப் பெரும் பொருள் தேவைப்படவில்லை. கோலை அசைக்க ஒரு கையும், அமைதியாக நோக்க இரு கண்களும் போதுமானவையாயின. குறை தோன்றும் இடம் வேறு, குறை பிறக்கும் இடம் வேறு என்பதை அறிந்தவரே எத்தொழிலிலும் பழுதை முற்றும் நீக்க வல்லவராவர்.