எடைக்கல்லைச் சோதிப்பவர் யார்?



கடையின் எடைக்கல்லைச் சோதித்து முத்திரையிடும் வேலையைக் கடைக்காரரிடமே விடுவதில்லை. அவர் நேர்மையாளராயினும், லாபம் அவருடையதாகையால் சோதனை பிறர் கையிலிருப்பதே முறை. தேர்தல் விதியும் ஓர் எடைக்கல்லே. அதனால் வென்றவர்களே அதைத் திருத்தவும் வேண்டுமென்றால் காரியம் நடப்பது அரிது. இதற்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் தேடிய வழியை ஆராய்வோம்.

1996-ம் ஆண்டுத் தேர்தலில் அங்கே லிபரல் கட்சிக்கு வாக்குகள் அதிகம். ஆனால் புதிய ஜனநாயகக் கட்சியே அதிக ஸ்தானங்கள் பெற்று ஆட்சி செய்தது. 2001-ல் லிபரல் கட்சி நூற்றுக்குச் சுமார் 58 வாக்குகள் பெற்று, 79 ஸ்தானங்களில் 77-ஐ அடைந்தது. வரவுக்கும் இருப்புக்கும் பொருத்தமில்லை!

ஆகவே 2004-ல் பிரஜைகள் சபை ஒன்று கூட்டப்பட்டது. வாக்காளர் ஜாபிதாவைக் கொண்டு, தொகுதிக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகக் குலுக்கல் முறையில் எடுத்தனர். பூர்வகுடியினர் இருவரையும் சேர்த்து அங்கத்தினர் 160 பேர்; தலைவர் ஒருவர். பதவியிலுள்ள அரசியல்வாதிகளுக்கு இடமில்லை. கூட்ட நாளுக்கு 150 டாலர் படி கொடுக்கப்பட்டது.

இவர்கள் முதலில் பல நாடுகளின் தேர்தல் முறைகளைக் கற்றனர். பின்பு 50 பொதுக்கூட்டங்களில் மக்களின் அபிப்பிராயங்களைக் கேட்டனர். அதன்பின் கூடி விவாதித்தனர். ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர். வாக்காளர் தம் விருப்பத்தை 1, 2, 3 என வரிசைப்படுத்துவர். ஒருவருக்குத் தேவைக்கு மிஞ்சிய வாக்கும், தோற்றவருக்கு விழுந்த வாக்கும் அடுத்தவருக்குப் போகும். இம்முறையை 146 பேர் ஆதரித்தனர். எதிர்த்தவர் 7 பேரே.

முடிவு மாகாண மக்களிடம் சென்றது. 2005 மே 17-ல் நூற்றுக்கு 57.7 பேர் ஆதரித்தனர். 79 தொகுதிகளில் 77-ல் பெரும்பான்மை கிடைத்தது. ஆயினும் அரசாங்கம் முன்பே விதித்திருந்த வரம்பு நூற்றுக்கு 60. திட்டம் வீழ்ந்தது. 2009-ல் மீண்டும் கேட்டபோது ஆதரவு 39 ஆகக் குறைந்தது.

இதிலிருந்து நாம் அறிவதென்ன? அவகாசமும் கல்வியும் கொடுத்தால், சாதாரண மக்களும் கடினமான விஷயத்தைத் தீர ஆராய்ந்து முடிவு கூறுவர். ஆனால் 160 பேர் மாதக்கணக்கில் கற்றதை, வெளியிலுள்ள லட்சக்கணக்கானோர் ஒரே நாளில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. கற்றவரின் விளக்கு மற்றவர் வீட்டுக்கும் ஒளி தர வேண்டும். அன்றியும், எடைக்கல்லைப் பிறரிடம் கொடுத்துவிட்டுத் தராசை மட்டும் தம்மிடமே வைத்துக்கொள்வது முழு நியாயமாகாது என்பதே நம் கருத்து.